கல்லையும் மண்ணையும் படித்து என்ன செய்வது?

உப்புவெளி அம்மா:
மகள் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு றிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறாள். அடுத்து ஏ.எல். உயர்தரத்தில் உயிரியல்தான் எடுக்கப் போகிறாள், ஆனால் டொக்டராகிற எண்ணம் இல்லையாம், புவி அறிவியல்தான் படிப்பேன் என்று ஒரே பிடி. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனால் ஏழு கிணற்றிலும் தண்ணீர் அள்ளிப் பார்த்துவிட்டு, ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு என்று என்னைப் போட்டுக் குடைகிறாள். எனக்குத் தெரிந்தது இராவணன் வாளால் குத்திய கதை மட்டும்தான். நான் கேட்பது இதுதான்: பாறையின் பெயரைப் பாடமாக்குகிற படிப்பா இது? இலங்கையில் எரிமலையும் இல்லை, பெரிய பூமியதிர்ச்சியும் இல்லை, இங்கே இருந்துகொண்டு இதைப் படித்து யாருக்குப் பிரயோசனம்? தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள்.

பாறைக்கிறுக்கன்:
அக்கா, எரிமலையே இல்லாத நாட்டில் சுடுதண்ணீர் எங்கிருந்து வருகிறது? பிள்ளையின் கேள்விக்குப் பின்னால் இருக்கிற கேள்வி அதுதான். மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் மிக ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போகச் சூடு கூடும், பொதுவாக ஒரு கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை, அதற்கு எரிமலை தேவையில்லை. அந்தத் தண்ணீர் இன்னொரு வெடிப்பால் ஆறுவதற்குள் மேலே வந்துவிட்டால் வெந்நீரூற்று. வருகிற வழியில் மேல்மட்டத்துக் குளிர்ந்த நிலத்தடி நீர் எவ்வளவு கலக்கிறதோ அதைப் பொறுத்துக் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும்.

மகா ஓயா, மகாபெலஸ்ஸ என்று நாட்டில் வேறு வெந்நீரூற்றுகளும் இருக்கின்றன. அவற்றில் பல, உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்கிற இரண்டு பழைய பாறைத் தொகுதிகள் முட்டுகிற எல்லையை ஒட்டி வருகின்றன. அந்த எல்லை, இலங்கையும் இந்தியாவும் ஆபிரிக்காவும் அந்தாட்டிக்காவும் கொண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிய காலத்தது, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்திய சங்கதி. பெயரைப் பாடமாக்குவது முதல் வருடத்தோடு முடிந்துவிடும். பிறகு பாறை, தண்ணீர், கடல், காற்று நான்கையும் சேர்த்து வைத்துக் கேள்வி கேட்பதுதான் படிப்பு. நம்முடைய திருகோணமலைத் துறைமுகம் ஏன் இவ்வளவு ஆழம், மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடாவுக்கு வெளியே கடலடியில் ஏன் அவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு, திமிங்கிலம் ஏன் கரைக்குக் கிட்ட வருகிறது, இதெல்லாம் ஒரே கதையின் துண்டுகள்.

கிண்ணியா நானா:
பூமியதிர்ச்சி இல்லை என்று சொல்கிறீர்கள், 2004 டிசம்பர் 26ஐ மறந்துவிட்டீர்களா தங்கச்சி? ஆடியது சுமத்ராவில், 1,500 கிலோமீற்றருக்கும் அப்பால். அழிந்தது எங்கள் கரை. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இடைவெளி இருந்தது. நாலாயிரம் மீற்றர் ஆழக் கடலில் சுனாமி மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும், ஆழம் தெரிந்தால் எப்போது வந்து சேரும் என்று கணக்குப் போடலாம். அந்தக் கணக்கைப் போட்டு எங்களுக்குச் சொல்ல அன்றைக்கு ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை.

இன்னொன்று. 'கடல் உள்வாங்கினால் ஓடு' என்று இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம், நல்லதுதான், ஆனால் அது பாதிதான். அன்றைக்கு ஆடிய இடத்தில் தாய்லாந்தைப் பார்த்த பக்கம் கடலடி தாழ்ந்தது, அங்கே முதலில் கடல் வற்றியது. எங்களைப் பார்த்த பக்கம் கடலடி உயர்ந்தது, அதனால் இங்கே முதலில் வந்ததே தண்ணீர், பெரிதாக உள்வாங்கியது பிறகுதான். வற்றட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றால் ஓட நேரம் இருக்காது. இது விளங்கிய ஒருத்தர் ஊரில் இருந்தால் போதாதா?

கடைத்தெரு:
எல்லாம் சரி, வேலை? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பாறைக்கிறுக்கன்:
புல்மோட்டையில் கறுப்பு மணல் இருக்கிறதே, இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கன் என்கிற கனிமங்கள் எல்லாம் கலந்தது. வெள்ளைப் பெயின்ட்டுக்குப் போடுகிற டைட்டேனியம் அந்தக் கறுப்பில் இருந்துதான் வருகிறது. அது ஒரு பக்கம். நிலத்தடி நீர், மண்சரிவு எச்சரிக்கை, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், வீதி, அணை கட்டுகிற கம்பனிகள், இப்படிப் பல இடம் இருக்கிறது. ஆட்களை அள்ளி எடுக்கிற துறை இல்லைதான், பொய் சொல்ல மாட்டேன். பேராதனையில் விஞ்ஞான பீடத்துக்குள்ளால் போகலாம், உயிரியல் பிள்ளைக்கும் வழி உண்டு. மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் இருக்கிறது, அதற்குக் கணிதப் பிரிவு வேண்டும். அதை இப்போதே யோசியுங்கள் அக்கா.

நிலாவெளிக்காரன்:
குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். பத்து வருடத்துக்கு முன் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீர் போடலாம், இப்போது சித்திரைக்குப் பிறகு உவர். பக்கத்தில் ரூம் கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் பகல் முழுக்க மோட்டர் போடுகிறார்கள். கிணறு வெட்டுகிறவர் இன்னும் பத்தடி ஆழமாக்கச் சொல்கிறார். ஆழமாக்கட்டா?

பாறைக்கிறுக்கன்:
வேண்டாம் அண்ணே, அது உப்பைத் தேடிப் போகிற வேலை. கடற்கரை மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும். அதே கணக்குத் திரும்பியும் வேலை செய்யும்: தொடர்ந்து இறைத்து மேலே ஒரு அடி குறைத்தால், காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது அடி வரை ஏறிவரும். ஆழத்தை விட்டுவிட்டு அகலமாக்குங்கள், சின்ன மோட்டரால் விட்டு விட்டு இறையுங்கள், கார்த்திகை மார்கழி மழையில் கூரைத் தண்ணீரை வீதிக்கு விடாமல் வளவுக்குள்ளேயே குழி வெட்டி இறக்குங்கள். பக்கத்துக்காரரும் சேர்ந்து செய்தால்தான் பலன், ஏனென்றால் அடியில் இருப்பது எல்லாருக்கும் ஒரே தண்ணீர்.

உப்புவெளி அம்மா:
இதை எல்லாம் மகள் வாசித்துவிட்டாள். நாற்பது அடிக் கணக்கு எப்படி வருகிறது என்று கேட்கிறாள்.

பாறைக்கிறுக்கன்:
கடல் தண்ணீரின் அடர்த்தி 1.025, நல்ல தண்ணீர் 1. மிச்சத்தை அவளே போடட்டும்.