கார்ட்டூன் சேனல் விளம்பரங்களும் ஏழு வயது மகளின் அடமும்

லாஸ்பேட்டை அம்மா:
புதுச்சேரியில் வசிக்கிறோம். இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், கடைக்கு வந்தால் பொம்மை இலவசமாக வரும் தின்பண்டத்தைத்தான் கேட்கிறாள். வாங்கியதும் பொம்மையை வைத்துக்கொண்டு, தின்பண்டத்தைத் தம்பியிடம் தந்துவிடுகிறாள். சென்ற வாரம் ஒரு பானத்தின் பெயரைச் சொல்லி, "அதைக் குடிக்காதவர்கள் படிப்பில் பின்தங்கிவிடுவார்களா, அம்மா?" என்று கலக்கத்தோடு கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. தொலைக்காட்சியை நிறுத்துவதைத் தவிர வேறு வழி உண்டா?

மஞ்சக்குப்பம் மளிகைக்காரர்:
விற்பவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பாக்கெட் சரங்களைப் பிள்ளைகளின் கண்ணில் படும் உயரத்தில் தொங்கவிடச் சொல்லிவிட்டுத்தான் விநியோகஸ்தரின் ஆள் கடையை விட்டுப் போவார். ஐந்து ரூபாய் விலையும் கணக்குப் போட்டு வைத்ததே: பிள்ளை கேட்கத் தயங்காத, பெற்றோர் மறுக்கக் கூசுகிற தொகை அது. என் பேரனே ஒரு நாள் சரத்தைப் பிடித்து இழுத்து அழுத பிறகு, எல்லாவற்றையும் ஊதுபத்திக்கு மேலே மாட்டிவிட்டேன். விற்பனை சற்றுக் குறைந்தது; கடை மூழ்கிவிடவில்லை.

கடலூர் வழக்கறிஞர்:
மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒரு பொருளை வாங்குமாறோ, வாங்கித் தரும்படி பெற்றோரை வற்புறுத்துமாறோ குழந்தைகளை நேரடியாகத் தூண்டும் விளம்பரம் கூடாது. சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரங்களைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளுக்கிடையே ஒளிபரப்பவும் கூடாது. தவறான விளம்பரத்துக்கு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் உண்டு. சேனல், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு: 12 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரங்களை ஸ்வீடன் 1991இலேயே தடை செய்துவிட்டது.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
புகார் செய்வது நல்லதுதான். ஆனால் அது முடிவுக்கு வருவதற்குள் உங்கள் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள். நான் என் வகுப்பில் ஒரு விளம்பரத்தை ஒலியில்லாமல் போட்டுக் காட்டி, "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். ஓடுகிற பையன், சிரிக்கிற அம்மா, கோப்பை ஆகியவற்றைச் சொன்னார்கள்; கோப்பைக்குள் இருப்பது என்னவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறகு அதே பானத்தின் டப்பாவைக் கையில் கொடுத்து, பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று தேடச் சொன்னேன். வீட்டில் நீங்களும் செய்து பாருங்கள்.

லாஸ்பேட்டை அம்மா:
நேற்று இரவு டப்பாவைக் கொடுத்தேன். மகள் எழுத்துக்கூட்டிச் 'சர்க்கரை' வரை வந்துவிட்டாள். பொம்மை மட்டும் வேண்டுமாம்.