ரூக்கி சென்டரின் முதல் இருபது ஆட்டங்களை எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் 2023–24 பருவத் தொடக்கத்தில், ரூக்கியான (முதல் பருவம் ஆடும் வீரரான) விக்டர் வெம்பன்யாமாவைப் பற்றி நடந்த விவாதங்களில் நானும் தீவிரமாகக் கலந்துகொண்டேன். புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி அவரை முதல் தேர்வாக எடுத்திருந்தது. அக்டோபர் 25 அன்று டல்லாஸ் மேவரிக்ஸுக்கு எதிரான அறிமுக ஆட்டத்தில் அவர் 15 புள்ளிகள் எடுத்தார். ஐந்து ஃபவுல்கள் (விதிமீறல்கள்) சேர்ந்துவிட்டதால் 23 நிமிடங்கள்தாம் களத்தில் இருந்தார். எட்டு நாள் கழித்து, தம் ஐந்தாவது ஆட்டத்தில், ஃபீனிக்ஸ் நகரில் 38 புள்ளிகள் குவித்தார். அதற்குப் பிறகு ஸ்பர்ஸ் தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோற்றது; டிசம்பர் 15 அன்று லேக்கர்ஸை வென்றபோதுதான் அந்தத் தொடர் முடிவுக்கு வந்தது.

அந்த வாரங்களில் என் கருத்து ஆட்டத்துக்கு ஆட்டம் மாறியது. ஃபீனிக்ஸ் ஆட்டத்துக்கு மறுநாள் வானளாவப் புகழ்ந்தேன். நவம்பர் இறுதியில், வளையத்தின் அடியில் ஆட வேண்டிய உயரமுள்ளவர் வெளியே நின்று எறிந்து வாய்ப்புகளை வீணாக்குகிறார் என்று கடுமையாக எழுதினேன். பருவம் முடிந்தபோது அவருடைய சராசரி 21.4 புள்ளிகள், 10.6 ரீபவுண்டுகள் (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 3.6 பிளாக்குகள் (எதிராளி எறியும் பந்தைத் தட்டிவிடுவது), வாக்களித்தவர்கள் அனைவரும் ஒருமனதாக அவரையே சிறந்த ரூக்கியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

என் கேள்வி இதுதான். ஒரு புதிய சென்டரின் (வளையத்தருகே ஆடும் உயரமான வீரரின்) முதல் இருபது ஆட்டங்களில் எவற்றை நம்பலாம், எவற்றை ஒதுக்கிவைக்கலாம்? பொறுத்திருந்து பாருங்கள் என்பதுதான் ஒரே பதில் என்றால், அந்த ஆட்டங்களை உட்கார்ந்து பார்ப்பதில் பொருள் இல்லாமல் போய்விடுகிறதே.

முதல் பதில்

எண்களுக்குப் போவதற்கு முன்னால், அவர் அப்போது சென்டராகத்தான் ஆடினாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆறு வாரங்களில் ஸ்பர்ஸின் தொடக்க ஐவரில் சென்டர் இடம் ஸாக் காலின்ஸிடம் இருந்தது. வெம்பன்யாமா சென்டருக்கு அடுத்த இடமான பவர் ஃபார்வர்டாகவே இறங்கினார். அதைவிட முக்கியம், பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தை அமைக்கும் பொறுப்பை, இயல்பிலேயே ஃபார்வர்டான ஜெரமி சோஹானிடம் ஒப்படைத்துப் பயிற்சியாளர் கிரெக் போபோவிச் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். சென்டர் எவ்வளவு உயரமாக இருந்தாலும், அவருக்குப் பந்து எந்த நொடியில், எந்த உயரத்தில் வந்து சேர்கிறது என்பது இன்னொருவர் கையில் இருக்கிறது. ஸ்கிரீன் வைத்துவிட்டு (தடுப்பவரின் வழியை உடலால் மறித்துவிட்டு) வளையத்தை நோக்கி உருளும்போது அரை நொடி தாமதமாகப் பந்து வந்தால், எளிதாக விழ வேண்டிய இரண்டு புள்ளிகள், இருவர் மறிக்க நடுவில் திணறி எறியும் கடினமான எறிதலாகிவிடும். அந்த எறிதல் தவறினால் கணக்கு சென்டரின் பெயரில்தான் ஏறும்.

டிசம்பர் 8 அன்று சிகாகோ புல்ஸுக்கு எதிராக அவரைச் சென்டராகவே தொடங்கவைத்தார்கள். 21 புள்ளிகளும் 20 ரீபவுண்டுகளும் எடுத்தார். அணி அன்றும் தோற்றது. ஆனாலும் அந்தப் பருவத்தைப் புரிந்துகொள்ள ஃபீனிக்ஸ் ஆட்டத்தைவிட இந்தத் தோல்விதான் உதவும் என்பது என் கருத்து. ஜனவரியில், முறையான பாயின்ட் கார்டான (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை அமைப்பவரான) ட்ரே ஜோன்ஸ் தொடக்க ஐவரில் இடம்பிடித்த காலத்தில், டெட்ராய்ட்டில் வெறும் 21 நிமிடங்களில் 16 புள்ளிகள், 12 ரீபவுண்டுகள், 10 அசிஸ்ட்டுகள் (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்துகள்) என்று ஆடினார். நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் ஒருவருடைய திறமை இவ்வளவு வளர்ந்துவிடாது. அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு மாறியதுதான் பெரிய காரணம்.

அதே அக்டோபர் 25 ஆட்டத்தில் எதிரணியில் இன்னொரு ரூக்கி சென்டரும் அறிமுகமானார். பன்னிரண்டாவது தேர்வான டெரெக் லைவ்லி 16 புள்ளிகளும் 10 ரீபவுண்டுகளும் எடுத்து, அன்றைய ஏட்டில் வெம்பன்யாமாவைவிட ஒருபடி மேலே நின்றார். ஆனால் அவரிடம் கேட்கப்பட்டது வேறு: ஸ்கிரீன் வை, வளையத்தை நோக்கி ஓடு, லூகா டான்சிச் மேலே தூக்கிப் போடும் பந்தைப் பிடித்து உள்ளே போடு. அந்தப் பருவத்தில் அவர் எறிந்தவற்றில் 74.7 சதவீதம் விழுந்தன. இருவரும் சென்டர்கள் என்பதற்காக இந்தச் சதவீதத்தை வெம்பன்யாமாவின் 46.5 சதவீதத்தோடு அருகருகே வைப்பது பிழை.

இரண்டாம் பதில்

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். இருந்தாலும் எண்களை முழுவதுமாக ஒதுக்க வேண்டியதில்லை; எந்த எண் எவ்வளவு விரைவில் பேசத் தொடங்குகிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

நீங்கள் கோபப்பட்ட வெளி எறிதலையே எடுத்துக்கொள்வோம். மூன்று புள்ளி எறிதலில் ஒருவருடைய உண்மையான திறன் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆட்டங்களில் அவர் 80 முறை எறிந்தால் 28 விழ வேண்டும். ஆனால் வெறும் தற்செயலாலேயே அது 20 ஆகவும் இருக்கலாம், 36 ஆகவும் இருக்கலாம். ஒரே திறனுள்ள ஒருவர் 25 சதவீதக்காரராகவும் தெரிவார், 45 சதவீதக்காரராகவும் தெரிவார் என்றால், அந்த எண்ணை வைத்து நவம்பரில் தீர்ப்பு எழுதுவதற்கு ஆதாரமே இல்லை. எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை அவர் எப்படி எறிகிறார் என்று பார்த்திருந்தால் உங்களுக்கு நல்ல துப்பு கிடைத்திருக்கும். யாரும் மறிக்காமல், ஒரே தூரத்திலிருந்து எறிவது என்பதால் கையின் மென்மை அதில் தெளிவாகத் தெரியும். வெம்பன்யாமா அந்தப் பருவத்தை ஏறத்தாழ 80 சதவீதத்தில் முடித்தார். இந்த உயரத்தில் அப்படி எறிகிறவரின் வெளி எறிதலைப் பற்றி நம்பிக்கை இழக்க நியாயமில்லை. பருவ முடிவில் மூன்று புள்ளி எறிதல் 32.5 சதவீதத்தில் நின்றது. சிறப்பானது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதிரணி அவரை மறிக்காமல் விட்டுவிடும் அளவுக்கு மோசமும் இல்லை.

இதற்கு மாறாக, பிளாக், ரீபவுண்ட், ஃபவுல் ஆகிய மூன்றும் சில வாரங்களிலேயே ஓரளவு நிலைபெறுகின்றன. இவற்றை ஆட்டத்துக்கு எத்தனை என்று பார்க்காமல் 36 நிமிடங்களுக்கு எத்தனை என்று கணக்கிட்டுப் பாருங்கள். ரூக்கி சென்டருக்கு ஃபவுல்தான் நுழைவாயில். ஆறாவது ஃபவுலோடு வெளியேற்றம் என்பதால், முதல் கால்பகுதியிலேயே இரண்டு வாங்கிவிட்டால் பயிற்சியாளர் பெஞ்சுக்கு அழைத்துவிடுவார். பிறகு திறமை இருந்தும் காட்ட இடம் இருக்காது. வாரத்துக்கு வாரம் ஃபவுல் குறைந்து, பிளாக் குறையாமல் இருந்தால், அவர் கற்றுக்கொள்கிறார் என்று துணிந்து சொல்லலாம்.

களத்தில் இருந்தபோது அணி எத்தனை புள்ளி முன்னும் பின்னும் போனது என்ற கணக்கை இருபது ஆட்டங்களுக்கு நான் தொடவே மாட்டேன். அதில் உடன் ஆடிய நால்வரின் நிழல் அளவுக்கு மீறி விழுகிறது.

மூன்றாம் பதில்

நான் இளம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். எண்களைவிடக் கால்களைப் பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எதிரணி பிக் அண்ட் ரோல் (ஸ்கிரீன் வைத்துவிட்டு வளையத்தை நோக்கி உருளும் ஆட்டம்) ஆடும்போது பந்தைப் பார்க்காதீர்கள். தடுக்கும் சென்டரின் பாதங்களைப் பாருங்கள். எதிரணியின் கார்டு ஸ்கிரீனைத் தாண்டி வரும் அந்த நொடியில், சென்டர் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஓரடி பின்னால், முழங்கால் மடித்து, இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறாரா, அல்லது நிமிர்ந்து நின்று கார்டு தம்மைக் கடந்த பிறகு இடுப்பைத் திருப்புகிறாரா? நிமிர்ந்து நிற்பவர் தாமதத்தை ஈடுகட்டக் கையை நீட்டுவார்; அங்கேதான் ஃபவுல் பிறக்கிறது. பெரும்பாலான ரூக்கி ஃபவுல்கள் கையால் செய்யப்பட்டாலும் அவற்றின் தொடக்கம் காலில் இருக்கிறது. அடுத்து, வளையத்தருகே பந்தைப் பிடித்ததும் அதைத் தாடைக்கு மேலேயே வைத்திருக்கிறாரா, இடுப்புவரை இறக்கிவிடுகிறாரா என்று பாருங்கள். இறக்கினால், தம்மைவிட ஒன்றரை அடி குள்ளமான கார்டு வந்து தட்டிப் பறித்துக்கொண்டு போவார். இந்தப் பழக்கம் மாறுகிறதா என்பதை ஐந்தாவது ஆட்டத்தையும் பதினெட்டாவது ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெம்பன்யாமாவுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. அவர் பிரான்சில் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளின்படி ஆடி வளர்ந்தவர். அந்த விதிகளில் தடுக்கும் சென்டர் வளையத்தின் அடியில் எவ்வளவு நேரமும் நிற்கலாம், என்.பி.ஏ.வில் யாரையும் நெருங்கித் தடுக்காமல் மூன்று நொடிக்கு மேல் அங்கே நின்றால் குற்றம். ஃபிபாவில் பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால் மேலேயே தட்டிவிடலாம், என்.பி.ஏ.வில் அது வளையத்தின் மேல் இருக்கும்வரை தொடக்கூடாது. ஆட்டம் 40 நிமிடத்திலிருந்து 48 ஆகிறது, மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரிலிருந்து 7.24 மீட்டருக்குத் தள்ளிப்போகிறது. எத்தனையோ ஆண்டுகளாக உடம்பு பழகிய இடக்கணக்கை, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் தாண்டி, அந்தப் பருவத்தின் சிறந்த தடுப்பாளர் விருதில் ரூடி கோபேருக்கு அடுத்த இடத்தைப் பிடித்தார். தடுப்பாட்டத்துக்கான முதல் அணியில் இடம்பெற்ற முதல் ரூக்கியும் அவரே. அந்த வேகத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

சீனாவிலிருந்து ஹியூஸ்டன் அணிக்கு வந்த சென்டர் யாவ் மிங்கின் தொடக்கத்தையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். 2002 அக்டோபர் 30 அன்று இண்டியானாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. புசானில் ஆசிய விளையாட்டுப் போட்டியை முடித்துவிட்டு, பருவம் தொடங்கச் சில நாள்களே இருக்கும்போதுதான் ஹியூஸ்டனுக்கு வந்து சேர்ந்திருந்தார். நவம்பர் 17 அன்று லேக்கர்ஸுக்கு எதிராக எறிந்த ஒன்பதும் விழுந்து 20 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸின் வலிமைமிக்க சென்டர் ஷகில் ஓனீல் காயத்தால் அன்று ஆடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான்கு நாள் கழித்து டல்லாஸில் 30 புள்ளிகளும் 16 ரீபவுண்டுகளும் எடுத்தார். முதல் ஆட்டத்தின் பூஜ்யத்தை வைத்து முடிவெடுத்தவர்கள், மூன்று வாரத்தில் அதை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நான்காம் பதில்

மேலே உள்ள மூன்று பதில்களும் நன்றாக இருக்கின்றன. ஆனால் மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன. எடுத்துக்காட்டுகள் எல்லாம் பிற்பாடு வெற்றிபெற்றவர்களாகவே இருந்தால், தொடக்கத் தடுமாற்றம் எல்லாமே மன்னிக்கத்தக்கது என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

ஜேம்ஸ் வைஸ்மனை எண்ணிப் பாருங்கள். கல்லூரியில் மூன்றே ஆட்டங்கள் ஆடிவிட்டு, 2020இல் இரண்டாவது தேர்வாக கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு வந்தார். முதல் பருவத்தில் 39 ஆட்டங்களில் சராசரியாக 11.5 புள்ளிகள், எண்ணை மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்டீபன் கரியோடு அந்த அணி ஆடும் ஆட்டத்தில், சென்டர் எப்போது ஸ்கிரீன் வைப்பது, எப்போது விலகுவது, யாரிடம் பந்தைக் கைமாற்றுவது என்பதுதான் உயிர்நாடி. அந்த இடங்களில் அவர் தொடர்ந்து ஒரு கணம் பின்தங்கினார். ஏப்ரலில் முழங்கால் காயத்தால் அவர் விலகிய பிறகு, கடைசி 20 ஆட்டங்களில் வாரியர்ஸ் 15இல் வென்றது. ஒருவர் களத்தில் இருந்தபோது அணி முன்னும் பின்னும் போன கணக்கைத் தொடவே மாட்டேன் என்று சொன்ன நண்பரே, சில நேரங்களில் அது சொல்லும் செய்தி உண்மையாகவும் இருக்கிறது.

ஹஷீம் தபீட் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2009இல் இரண்டாவது தேர்வு. 13 நிமிடம் ஆடி 1.3 பிளாக் என்ற சராசரியை 36 நிமிடத்துக்குப் பெருக்கினால் மூன்றரையைத் தாண்டும். உங்கள் அளவுகோலின்படி அருமையான தொடக்கம். ஆயினும் அந்தப் பருவத்திலேயே மெம்பிஸ் அணி அவரை டி-லீக்குக்கு (என்.பி.ஏ.வுக்குக் கீழுள்ள வளர்ப்பு லீகுக்கு) அனுப்பிவிட்டது. ஏன் 13 நிமிடம் மட்டுமே களத்தில் வைத்தார்கள் என்ற கேள்விக்கு பிளாக் எண்ணிக்கையில் பதில் கிடையாது. ஆகவே விகிதங்களுக்கு முன்னால் நான் நிமிடங்களைப் பார்ப்பேன்: நெருக்கமான ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடங்களில் பயிற்சியாளர் அவரைக் களத்தில் விடுகிறாரா? அந்த 38 புள்ளி ஆட்டத்தில் ஃபீனிக்ஸ் 116–116 என்று சமன்செய்த நேரத்தில் வெம்பன்யாமா களத்தில்தான் இருந்தார். அடுத்து ஸ்பர்ஸ் எடுத்த 12 புள்ளிகளில் 10 அவருடையவை.

கேட்டவரின் மறுமொழி

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. நவம்பரில் நான் எழுதிய பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். புள்ளிகள், எறிதல் சதவீதம், வெற்றி தோல்வி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுதியிருக்கிறேன். ஃபவுலை முதல் ஆட்டத்துக்கு மட்டுமே குறித்திருக்கிறேன். அவர் எந்த இடத்தில் ஆடினார், பந்தைக் கொண்டுவந்தவர் யார் என்று ஓரிடத்திலும் இல்லை. வளையத்தின் அடியில் ஆட வேண்டியவர் வெளியே நிற்கிறார் என்று எழுதியபோது, அந்த இடத்தில் காலின்ஸ் நின்றுகொண்டிருந்தார் என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

நான்காவது பதிலில் உள்ள எச்சரிக்கையை ஏற்கிறேன். அதில் ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது: கடைசி ஐந்து நிமிடங்களில் யாரை இறக்குவது என்பது தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் வேறு மாதிரியும் நடக்கலாம் அல்லவா? கற்றுக்கொள்ளட்டும் என்று விடுகிறார்களா, தேவைப்படுவதால் விடுகிறார்களா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. டல்லாஸ் ஆட்டத்தையும் சிகாகோ ஆட்டத்தையும் இந்த வாரம் முழுமையாக மறுபடி பார்க்கப் போகிறேன். இந்த முறை பந்தைப் பின்தொடராமல், ஒவ்வொரு ஸ்கிரீனின்போதும் அவருடைய பாதங்கள் எங்கே இருந்தன என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுகிறேன்.