ஏற்காடு ரத்தசோகை ஆய்வுக் கூட்டு: வெற்றியை எதை வச்சு அளக்கறது?

சேர்வராயன்48: சேலத்து மருத்துவக் கல்லூரி ஒண்ணும் ஏற்காட்டு மலைக் கிராமங்களும் சேர்ந்து, கர்ப்பிணிகளோட ரத்தசோகையைக் குறைக்க மூணு வருஷ ஆய்வு நடத்துதுன்னு வைங்க. கடைசியில எதை அளக்கணும்? ஹீமோகுளோபின் ஏறுச்சா இல்லையா, அவ்வளவுதான். கூட்டம் எத்தனை, கட்டுரை எத்தனை என்பதெல்லாம் ஃபைலுக்கு.

காப்பிக்கொட்டை: அந்த ஹீமோகுளோபினே மலையில சிக்கல் சார். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். உயரத்துல ஹீமோகுளோபின் தானாவே கூடும், அதனால அந்த உயரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பழைய கணக்குல டெசிலிட்டருக்கு 0.5 கிராம் கழிக்கணும், 2024 வழிகாட்டுதல்ல 1.1. முதல் மூணு மாசத்துல இருக்கிற ஒரு பெண்ணுக்கு 11.8 காட்டுதுன்னா, பழைய கணக்குல 11.3, நல்லா இருக்காங்க. புதுசுல 10.7, எல்லையான 11-க்குக் கீழ போயிடுது, ரத்தசோகை. ஆரம்பத்துல பழசு, முடிவுல புதுசுன்னு போட்டா, ஆய்வே நோயைக் கூட்டிவிட்ட மாதிரி அறிக்கை வரும். விரல் நுனியைப் பிழிஞ்சு எடுத்தா திசுநீர் கலந்து அளவு குறையும். அடுத்த தடவை நரம்புல எடுத்தா, மருந்தே இல்லாம "முன்னேற்றம்".

சேர்வராயன்48: திருத்தாத மூல அளவு, கிராமத்தின் உயரம், கர்ப்ப வாரம் மூணையும் தனித்தனியா பதிஞ்சா எந்தக் கணக்கையும் பிறகு போட்டுக்கலாம். ரத்தம் எடுக்கிற முறையை மட்டும் நடுவுல மாத்தாதீங்க.

காப்பிக்கொட்டை: சரி, ஏறிடுச்சு. யாரால? 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் மாத்திரையை 180 நாளைக்கு அரசே கொடுக்குது.

சேர்வராயன்48: கொல்லிமலையை ஒப்பீட்டுக்கு எடுங்க. அங்கயும் மலையாளிப் பழங்குடி மக்கள், அதே அரசுத் திட்டங்கள்.

அயோத்தியாப்பட்டணம்: எடுக்கலாம், ஆனா ஆள் கணக்கு மாறும். ஒரே ஊர்க்காரங்க ஒரே மாதிரி இருப்பாங்க. ஊருக்கு 20 பேர், ஊருக்குள்ள ஆளுக்கு ஆள் ஒத்துப்போற அளவு 0.05 என்றால், ஆள் எண்ணிக்கையை 1 + 19 × 0.05 = 1.95 மடங்காக்கணும். 400 பேர் போதும்னு நினைச்ச இடத்துல 780 பேர் வேணும். பட்ஜெட் போடறப்போ முதல்ல மறந்துபோறது இதுதான்.

அதை விடுங்க. நீங்க ரெண்டு பேரும் ஆய்வை அளக்கறீங்க, கூட்டு முயற்சியை யாரும் அளக்கல. ஆய்வால கிடைக்கிற பலனை அளக்க பக்ஸ்டன், ஹேன்னி உருவாக்கிய 'பேபேக்' சட்டகத்துல அறிவு, எதிர்கால ஆய்வுத்திறன், கொள்கை, சுகாதார சேவை, பொருளாதாரம்னு அஞ்சு வகைப் பலன் உண்டு. நல்ல பட்டியல், ஆனா முடிவெடுத்தது யாருன்னு கேக்காது. நான் பார்க்கிறது மினிட்ஸ் புத்தகத்தை: ஊர்க்காரங்க சொல்லி ஆய்வுத் திட்டத்துல எது மாறுச்சு? காப்பி அறுவடை மாசங்கள்ல பகல் முகாம் வேண்டாம்னாங்க, தேதி மாறுச்சா? பணம் யார் கணக்குல, தரவு யார்கிட்ட? ஒரே கேள்வித்தாளை டாக்டர்களுக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் தனித்தனியா, பேர் இல்லாம கொடுங்க. ரெண்டு பக்க மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் அளவு. ஒரே அறையில உட்கார வச்சுக் கேட்டா எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு போடுவாங்க.

சேர்வராயன்48: இடைவெளி குறைஞ்சா கர்ப்பிணிக்கு ரத்தம் ஊறிடுமா?

அயோத்தியாப்பட்டணம்: ஊறாது. நிதி நின்ன பிறகும் முகாம் நடக்குமாங்கிறது அதுல தெரியும். முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு அளவெடுப்புக்கு இப்பவே தொகை ஒதுக்குங்க. அப்புறம் கேட்டா நிதியும் இருக்காது, ஆளும் மாறியிருப்பாங்க.

காப்பிக்கொட்டை: ஒதுக்கினாலும், ஆய்வுக் காலம் முடிஞ்சதும் செலவழிக்காத தொகையைத் திருப்பிக் கேப்பாங்களே. அந்த அளவெடுப்பையே முதல் ஒப்பந்தத்துல கடைசித் தவணையா எழுத முடியுதான்னு பாருங்க.