சமூக நீதி சார்ந்த கலைப்பணி: மாணவர்களுக்கு ஊதியத்தோடு கிடைக்குமா?

தூரிகை_3 கேட்டது:

பல்கலைக்கழகத்தில் காண்கலை, இரண்டாம் ஆண்டு. சுவரோவியம், சிற்றிதழ் வடிவமைப்பு, சிறிய அரங்கப் பட்டறை நடத்துவது ஆகியவை தெரியும். தொழிலாளர் உரிமை, குடியிருப்பு உரிமை, மாற்றுத்திறனாளிகள் உரிமை போன்ற தளங்களில் இயங்கும் அமைப்புகளோடு வேலை செய்ய விருப்பம். ஆனால் கண்ணில் படும் அறிவிப்புகள் பெரும்பாலும் 'தன்னார்வலர் தேவை' என்றே முடிகின்றன. ஊதியம் தரும் வாய்ப்புகளை எங்கே, எந்தப் பெயரில் தேடுவது? இன்னொன்று: ஓர் அமைப்பு 20 சதுர மீட்டர் சுவருக்கு ஓவியம் கேட்டு, இரண்டு வாரத்துக்குள் பட்ஜெட் அனுப்பச் சொல்லியிருக்கிறது. அதில் என்னென்ன எழுத வேண்டும்? ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தேடல் பதில்:

முதலில் பெயர்ச் சிக்கல். உரிமை அமைப்புகள் 'கலைஞர் தேவை' என்று விளம்பரம் செய்வது குறைவு. அதே வேலை பரப்புரை உதவியாளர், பட்டறை நடத்துநர், சமூகத் தொடர்பு உதவியாளர், ஆவணப்படுத்துநர், காட்சித் தொடர்பு பயிற்சியாளர் என்ற பெயர்களில் ஒளிந்திருக்கும். அந்தச் சொற்களோடு 'ஊதியத்துடன்', 'ஸ்டைபெண்ட்', 'பெலோஷிப்' என்று சேர்த்துத் தேடுங்கள்.

வெளியே போவதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பாருங்கள். நூலக ஆவணக் காப்பகம், அருங்காட்சியகக் கல்விப் பிரிவு, சமூக ஈடுபாட்டு அலுவலகம், கோடைக்கால ஆய்வு நிதி ஆகியவற்றில் மணிக்கணக்கு ஊதியம் உண்டாக வாய்ப்பு அதிகம். அறிவிப்பு வராவிட்டாலும் துறை அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். கோடைப் பணிகளுக்கு நான்கைந்து மாதம் முன்பே விண்ணப்பம் மூடிவிடுவது வழக்கம். தேர்வு முடிந்தபின் தேடத் தொடங்குகிறவர்களுக்கு மிஞ்சுவது ஊதியமில்லாத இடங்கள்தான்.

வெளியே தேடும்போது ஒரு விஷயம். பல அறக்கட்டளைகள் தனிநபருக்கு நல்கை (திட்டத்துக்கான நிதியுதவி) தருவதில்லை, பதிவு பெற்ற அமைப்புக்கே தருகின்றன. எனவே தனியாக விண்ணப்பித்து ஏமாறுவதைவிட, ஒரு சிறிய அமைப்போடு சேர்ந்து எழுதி, அதன் பட்ஜெட்டில் 'கலைஞர் ஊதியம்' என்ற தலைப்பில் உங்கள் தொகையைச் சேர்ப்பது பலன் தரும்.

'பணம் உண்டு' என்றால் எந்த வகைப் பணம் என்று கேளுங்கள். ஊதியம், ஸ்டைபெண்ட், மதிப்பூதியம், செலவு ஈடு நான்கும் வேறு வேறு. ஸ்டைபெண்ட் என்பது ஒரு காலத்துக்கு மொத்தமாகப் பேசித் தரும் தொகை, மதிப்பூதியம் என்பது ஒரு பங்கேற்புக்கு மரியாதையாகத் தரும் சிறு தொகை. செலவு ஈடு என்பது உங்கள் கையிலிருந்து போனது திரும்பி வருவது மட்டுமே, அது வருமானமாகாது. ஸ்டைபெண்ட் பெரிய தொகையாகத் தோன்றும்; அதை மணியால் வகுத்துப் பாருங்கள். பத்து வாரம், வாரத்துக்கு 20 மணி என்றால் 200 மணி. கூட்டங்கள், பயணம், இறுதி அறிக்கை சேர்ந்தால் 240 ஆகிவிடும். அந்த வகுத்தல் உங்கள் பகுதியின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போனால் பேரம் பேசுங்கள், அல்லது மணியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

உதவித்தொகையில் படிப்பவரானால், கூடுதல் வருமானம் அதைக் குறைக்குமா என்று நிதி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு மாணவரானால் இன்னும் எச்சரிக்கை தேவை. மதிப்பூதியமும் சில விசாக்களில் 'வேலை' என்றே கணக்காகும். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது இது.

சுவர்க்காரர் பதில்:

20 சதுர மீட்டர் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பெயின்ட்: வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் வரும். சொரசொரப்பான சுவரில் 5 அல்லது 6 தான். டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவு வழவழப்பான சுவருக்கானது. அதை நம்பி வாங்கினால் பாதியில் தீர்ந்துபோய், அடுத்து வாங்கும் டப்பாவில் நிறம் லேசாக மாறும். சொரசொரப்பு என்றே வைத்துக்கொண்டு ப்ரைமர் (நிறம் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) ஒரு பூச்சுக்கு 4 லிட்டர், அடிநிறம் இரண்டு பூச்சுக்கு 8 லிட்டர், உருவங்களுக்கான நிறங்கள் எல்லாம் சேர்த்து 5 லிட்டர், மேலே வார்னிஷ் இரண்டு பூச்சுக்கு 7 லிட்டர் என்று எழுதுங்கள். பொருள் செலவின் மேல் 10 சதவீதம் எதிர்பாராச் செலவு.

நேரம்தான் எல்லாரும் தவறவிடுவது. வடிவமைப்பு 18 மணி, மக்களோடு மூன்று கூட்டம் தயாரிப்போடு 12, சுவரைச் சுரண்டிக் கழுவி ப்ரைமர் அடிக்க 8, ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு மணி வீதம் தீட்ட 40, வார்னிஷும் படமெடுத்து ஆவணப்படுத்துவதும் 6. மொத்தம் 84. மாணவர்கள் அனுப்பும் பட்ஜெட்டில் அந்த 40 மட்டும் இருக்கும், மீதி 44 மணி இலவசமாகப் போய்விடும்.

பட்ஜெட் அனுப்பும் முன் சுவரை நேரில் பாருங்கள். புதிய சிமென்ட் பூச்சானால் குறைந்தது 28 நாள் ஆறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் காரத்தன்மை நிறத்தை வெளிறச் செய்யும், பெயின்ட் உரியும். பழைய சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் உள்ளே ஈரம் ஏறுகிறது என்று பொருள். முக்கால் முழ அளவு பிளாஸ்டிக் தாளின் நான்கு விளிம்பையும் டேப்பால் ஒட்டி ஓரிரவு விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் முதலில் கசிவைச் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவு சுவர் உரிமையாளருடையது, உங்களுடையதல்ல. அக்ரிலிக் பெயின்ட்டை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அடித்தால் படலம் சரியாகப் பிடிக்காது, உச்சி வெயிலில் அடித்தால் தூரிகைத் தடம் காய்ந்து நின்றுவிடும்.

சாரம், பாதுகாப்புப் பட்டை, விபத்துக் காப்பீடு ஆகியவை அமைப்பின் பொறுப்பு என்று தனி வரியில் எழுதுங்கள். சுவர் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் வராமல் பெயின்ட் வாங்காதீர்கள்.

'மாணவர்தானே, அனுபவம் கிடைக்குமே' என்று சொன்னால் ஒரு முன்னுதாரணம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் ஓவியர் ஜூடித் பாக்கா வழிநடத்திய நெடுஞ்சுவர் ஓவியத்தில், 1976 கோடையில் சுமார் 80 பதின்வயதினர் வேலை செய்தார்கள். வரலாற்று நூல்களில் விடுபட்ட மக்களின் கதையைச் சொல்லும் அந்த ஓவியத்தில் இளையோருக்கு ஊதியம் தருவது திட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

அரங்கம் பதில்:

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். தொகையை மூன்றாகப் பிரியுங்கள்: கையெழுத்தாகும்போது 40 சதவீதம், வடிவம் ஒப்புதலானதும் 30, முடிந்து 15 நாளுக்குள் 30. 'முடிந்ததும் மொத்தமாக' என்பதை ஏற்றால் பெயின்ட் செலவு உங்கள் தலையில் விழும். திருத்தம் இரண்டு முறை வரை, அதற்கு மேல் மணிக்கணக்கு என்று எழுதாவிட்டால் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு மாற்றம் சொல்வார்கள், கதை முடியவே முடியாது.

பதிப்புரிமையை முழுதாக எழுதிக்கொடுக்காதீர்கள். பரப்புரைக்கும் அறிக்கைக்கும் பயன்படுத்த உரிமம் கொடுத்தால் போதும். விற்பனைப் பொருளில் அச்சிட வேண்டுமானால் தனி ஒப்புதல். பெயர் குறிப்பிடப்படும் உரிமையும், மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 6பிஸ் பிரிவில் உள்ளன. நாட்டுக்கு நாடு அமலாக்கம் மாறுவதால் அந்த இரண்டு வரியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

கட்டணம் பேச ஆதாரம் வேண்டுமானால், கனடாவில் 1968இல் தொடங்கிய கார்ஃபாக் (CARFAC) என்ற கலைஞர் அமைப்பு கலைஞர்களுக்கான குறைந்தபட்சக் கட்டணப் பட்டியலை வெளியிடுகிறது. நியூயார்க்கில் 2008இல் தொடங்கிய வேஜ் (W.A.G.E.) என்ற கலைஞர் ஊதியக் குழு, வேலை தரும் அமைப்பின் ஆண்டுச் செலவை வைத்துக் கட்டணம் கணக்கிடுகிறது. தொகை உங்கள் ஊருக்குப் பொருந்தாது, கணக்கிடும் முறை பொருந்தும்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. யாருடைய வாழ்க்கையைப் பற்றி ஓவியமோ நாடகமோ பேசுகிறதோ, அவர்களுக்கும் அந்த பட்ஜெட்டில் பணம் இருக்க வேண்டும். பிரேசில் நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கில் பார்வையாளரே மேடையேறித் தன் அனுபவத்தை வைத்துக் கதையைத் திருப்புகிறார். அதுபோல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் மூன்று கூட்டங்களுக்கு வந்து தங்கள் கதையைத் தருகிறார்கள் என்றால், அவர்களுக்குக் கூட்ட மதிப்பூதியம், பயணச் செலவு, குழந்தை பார்த்துக்கொள்ள ஏற்பாடு, தேவைப்பட்டால் சைகைமொழி பெயர்ப்பாளர் எல்லாம் பட்ஜெட்டில் வர வேண்டும். நீங்கள் ஊதியம் கேட்கும் அதே நியாயம்தான் இது.

ஒப்புதலை இரண்டு முறை வாங்குங்கள். கதை சொல்லும்போது ஒன்று, இறுதி வடிவத்தைக் காட்டியபின் ஒன்று. முகமோ பெயரோ வேண்டாம் என்று பின்வாங்க ஒரு கடைசி நாளைக் குறித்துத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சுவரில் ஏறியபின் அழிப்பது எளிதல்ல. இதைப் படிப்புக்கான ஆய்வாகவும் காட்டப் போகிறீர்களானால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குச் சில வாரங்கள் பிடிக்கும். அனுமதிக்கு முன் எடுத்த பேட்டிகளைப் பிறகு ஆய்வில் பயன்படுத்த முடியாமல் போகலாம்.

தூரிகை_3 கேட்டது:

மிக்க நன்றி. 84 மணிக்கான தொகையைத் தர முடியாது, பாதிதான் இருக்கிறது என்கிறார்கள். மணி விலையைக் குறைக்கலாமா?

சுவர்க்காரர் பதில்:

விலையைக் குறைக்காதீர்கள், பரப்பைக் குறையுங்கள். ஆனால் பாதிப் பணத்துக்குப் பாதிச் சுவர் என்று நினைக்க வேண்டாம். கூட்டமும் வடிவமைப்பும் ஏறக்குறைய அதே நேரம் எடுக்கும். இரண்டு கூட்டமாக்கி 8 மணி, எளிய வடிவமைப்பு 12, தீட்ட 6 சதுர மீட்டருக்கு 12, சுவர்த் தயாரிப்பு 5, வார்னிஷும் ஆவணமும் 5 என்றால் 42. சுற்றியுள்ள 14 சதுர மீட்டரை ஒரே நிறத்தில் அமைப்பின் உறுப்பினர்களே அடித்துவிடலாம், பார்க்கச் சுவர் முழுதும் நிறைந்திருக்கும்.

தேடல் பதில்:

ஒன்று சேர்க்கிறேன் தோழர். எந்த மணிநேரத்தையாவது நீங்களாக விரும்பி இலவசமாகத் தந்தால், இன்வாய்ஸில் முழு மதிப்பை எழுதி, கீழே 'பங்களிப்பு' என்று கழித்துக் காட்டுங்கள். பல நல்கைகள் இத்தகைய பணமில்லாப் பங்களிப்பை, திட்டச் செலவில் அமைப்பு போட வேண்டிய பங்காக ஏற்கின்றன. அடுத்த ஆண்டு அவர்கள் விண்ணப்பிக்கும்போது கலைஞர் ஊதியத்துக்கான சரியான தொகையும் அந்தத் தாளிலேயே இருக்கும்.