பி20 பிளாக், பி16ஏ ஹெட்: அதிக ஆர்பிஎம்மில் கூலன்ட் பொங்குகிறது, உதவுங்கள்

கிள்ளான் ஈஜி:
வணக்கம் அண்ணன்மார்களே. என் வண்டி ஹோண்டா சிவிக் ஈஜி. முன்பு முழு பி16ஏ இன்ஜின் இருந்தது. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போதவில்லை. அதனால் ஹாஃப்கட் (பாதியாக வெட்டி வந்த பழைய வண்டி) கடையில் பழைய சிஆர்-வியின் பி20பி பிளாக் (சிலிண்டர்கள் உள்ள கீழ்ப்பாகம்) வாங்கி, அதன் மேல் என் பி16ஏ விடெக் ஹெட்டை (வால்வுகள் உள்ள மேல்பாகம்; விடெக் என்பது அதிக ஆர்பிஎம்மில் வால்வை அதிகம் திறக்கும் ஹோண்டா அமைப்பு) ஏற்றிக் கட்டினோம். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் பிளாக்கோடு வந்தவை. ராடு போல்ட்டும் ஹெட் ஸ்டட்டும் மட்டும் புதிது. ரெவ் லிமிட் 8,500.

ரோட்டில் அருமையாக ஓடுகிறது. செப்பாங் ரேஸ் ட்ராக்கில் சில சுற்று விரட்டினால் போதும், ரிசர்வ் டேங்கில் கூலன்ட் குமிழி விட்டுப் பொங்கி வழிகிறது. டெம்பரேச்சர் முள் அப்புறம்தான் ஏறுகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று பட்டறையில் சொன்னார்கள். மாற்றி, ஹெட்டையும் சமன் செய்தாயிற்று. பிறகும் அதே கதை. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, ஆனால் ஆயில் குறைகிறது, ப்ரீதரில் (இன்ஜின் உள்காற்று வெளியேறும் குழாய்) புகை வருகிறது. கம்ப்ரெஷன் வரிசையாக 205, 170, 165, 200 பிஎஸ்ஐ. இதே ஹெட் பழைய பிளாக்கில் 8,200 வரை ஒரு குறையும் இல்லாமல் சுற்றியது. ஹெட்டில் இனி என்ன பார்ப்பது?

சிரம்பான் ரவுண்டு:
ஹெட்டை விடுங்கள் தம்பி. 2, 3 இரண்டும் சேர்ந்து விழுந்திருக்கின்றன, அவை பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள். லீக் டவுன் டெஸ்ட் எடுங்கள். பிஸ்டனை டாப்பில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் காற்று கொடுங்கள். ரேடியேட்டரில் குமிழி வந்தால் காற்று தண்ணீர்ப் பக்கம் போகிறது. ஆயில் ஊற்றும் வாயில் காற்றுச் சத்தம் கேட்டால் பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டர் துளை) போயிருக்கிறது. உங்களுக்கு இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பட்டர்வொர்த் லேத்:
சிரம்பான் அண்ணன் சொன்னதுதான் சரி. இப்படிக் கட்டிய பிளாக்குகள் எங்கள் லேத்துக்கு அடிக்கடி வரும். ஏன் அங்கேயே உடைகிறது என்பதை அளவுகளை வைத்துப் பாருங்கள், அப்போதுதான் அடுத்த பிளாக்கும் பிழைக்கும்.

முதலில் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். பி சீரிஸில் ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 90 மி.மீ. பி16ஏ-யின் போர் 81, ஆகவே இரண்டு போருக்கு இடையே 9 மி.மீ. மிஞ்சுகிறது. பி20-இல் போர் 84, மிஞ்சுவது 6 தான். அந்த 84-க்கு இடம் கொடுக்கத்தான் நான்கு இரும்பு ஸ்லீவையும் (சிலிண்டர் சுவராக இருக்கும் குழாய்) ஒன்றோடொன்று ஒட்டியே வார்த்திருக்கிறார்கள். சுவர் மெல்லியது. 5,500 ஆர்பிஎம் பக்கத்தில் பவர் கொடுக்கும் குடும்ப வண்டிக்கு அது தாராளமாகப் போதும், அந்த வேலைக்கு அது நல்ல பிளாக்.

இப்போது ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழ் வரை போகும் தூரம். பி16ஏ-க்கு 77.4, பி20-க்கு 89. பிஸ்டனின் சராசரி வேகம் என்பது ஸ்ட்ரோக்கின் இரண்டு மடங்கை ஒரு வினாடியின் சுற்றுகளால் பெருக்குவது, அவ்வளவுதான். பழைய பிளாக் 8,200-இல் நொடிக்கு 21 மீட்டர் சொச்சம். இப்போதைய பிளாக் 8,500-இல் 25.2 மீட்டர். ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் காரின் எஃப்20சி இன்ஜின் 9,000-இல் சுற்றும்போதும் இதே 25.2 தான் வரும். ஆனால் ஹோண்டா அதற்கு ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனும், ஃபைபர் கலந்த உலோக சிலிண்டர் சுவரும் கொடுத்திருக்கிறது. உங்கள் பிளாக்கில் இருப்பது சிஆர்-வியின் வார்ப்பு பிஸ்டன். அடியில் மெயின் பேரிங் கேப்களை ஒன்றாகப் பிடிக்கும் கர்டில் இல்லை, பிஸ்டனுக்குக் கீழிருந்து ஆயில் அடிக்கும் ஜெட்டும் இல்லை.

வேகத்தை விடக் கொடியது, பிஸ்டன் டாப்பில் திரும்பும்போது ராடு வாங்கும் இழுப்பு. அது ஆர்பிஎம்மின் வர்க்கமாக ஏறும். உங்கள் பிளாக்கில் 7,200-இலிருந்து 8,500-க்குப் போனால் இழுப்பு ஏறக்குறைய 40 சதவீதம் கூடுகிறது. பழைய பி16ஏ 8,000-இல் பட்ட அதே முடுக்கத்தை பி20 பிளாக் 7,400-க்குள்ளேயே தொட்டுவிடும். மேலே விடெக் ஹெட் இருப்பதால் இன்ஜின் மூச்சு முட்டாமல் இன்னும் போகலாம் என்கிறது, கீழே உள்ள அளவுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

தைப்பிங் ராடு:
அண்ணே, ராடு ரேஷியோ (ராடு நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தது) குறைவு என்பதுதானே பிரச்சினை? நீளமான ராடு போட்டால் தீராதா?

பட்டர்வொர்த் லேத்:
பாதி உண்மை. பி16ஏ-யில் ராடு 134, ரேஷியோ 1.73. பி20-இல் 137, அதாவது 1.54. ரேஷியோ குறையக் குறைய ராடு அதிகம் சாய்ந்து பிஸ்டனைச் சுவரின் ஒரு பக்கம் தள்ளும். மெல்லிய சுவரில் அந்தத் தள்ளல் விழுவதால்தான் போர் முட்டை வடிவமாகிறது, ரிங் பிடிப்பு போகிறது, ப்ரீதரில் புகை வருகிறது.

ஆனால் ராடு நீள இடம் வேண்டுமே. கிராங்க் நடுவிலிருந்து பிளாக்கின் மேல்முகம் வரை உள்ள உயரத்துக்குள் பாதி ஸ்ட்ரோக், ராடு, பிஸ்டன் பின்னுக்கு (ராடையும் பிஸ்டனையும் கோர்க்கும் ஆணி) மேலே உள்ள உயரம் மூன்றும் அடங்க வேண்டும். பி20-இல் அது சுமார் 212. ராடை 4 மி.மீ. நீட்டினால் அந்த பிஸ்டன் பின் 4 மி.மீ. மேலே ஏறும், ரிங்குகளுக்கு இடம் சுருங்கும். இவ்வளவு செய்தும் ரேஷியோ 1.58. ஸ்ட்ரோக் அதே 89, பிஸ்டன் வேகம் கொஞ்சமும் குறையாது.

இதை ஹோண்டா செய்த அழகைப் பாருங்கள். 1997 சிவிக் டைப் ஆர்-இன் பி16பி, பெயரைப் பார்த்தால் பி16ஏ-யின் தம்பி. ஆனால் அதற்கு 204 உயரக் குட்டை பிளாக்கை எடுக்காமல் இன்டெக்ராவின் 1.8 லிட்டர் பி18சி-யின் 212 உயரப் பிளாக்கை எடுத்தார்கள். ஸ்ட்ரோக் 77.4 தான். கிடைத்த இடம் முழுவதையும் ராடுக்கே கொடுத்து 142.4 ஆக்கினார்கள், ரேஷியோ 1.84. 1.6 லிட்டரில் 8,200-இல் 185 குதிரை. எஸ்2000-இல் நேர்மாறு: அதே பிளாக்கில் ஸ்ட்ரோக்கை 84-இலிருந்து 90.7 ஆக்கி, ராடைக் குறைத்து எஃப்22சி செய்தபோது ரெட்லைனை 9,000-இலிருந்து 8,000-க்கு அவர்களே இறக்கிவிட்டார்கள். ராடைக் கடைசியில் பாருங்கள், முதலில் ஸ்ட்ரோக்கையும் சுவரையும் பாருங்கள்.

கிள்ளான் ஈஜி:
டெஸ்ட் எடுத்தாயிற்று. 2, 3 இரண்டிலும் ரேடியேட்டரில் குமிழி, ஆயில் வாயிலும் சத்தம். பிரித்துப் பார்த்தபோது இரண்டு போருக்கும் நடுவே மேல் விளிம்பிலிருந்து கீழாக முடி போல ஒரு விரிசல். விரிசல் காட்டும் சாயம் (டை) அடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. 3-ஆவது போரில் தள்ளும் பக்கத்துக்கும் குறுக்குப் பக்கத்துக்கும் 0.06 மி.மீ. வித்தியாசம். புது ஸ்லீவ் போடலாமா, இல்லை வேறு பிளாக்கா? எனக்கு இழுவையும் வேண்டும், செப்பாங் நேர்ப்பாதையில் 8,000-உம் வேண்டும்.

சிரம்பான் ரவுண்டு:
தடித்த ஸ்லீவ் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்லீவ், மெஷின் கூலி, ஃபோர்ஜ்டு பிஸ்டன், ராடு என்று கூட்டினால் அந்த வெள்ளிக்கு நல்ல பிளாக்கே வாங்கிவிடலாம். இன்னொரு பி20 வாங்குவதாக இருந்தால் லிமிட்டை 7,200-இல் வைத்து நிம்மதியாக ஓட்டுங்கள். ரோட்டுக்கு அது போதும், உங்கள் ட்ராக் ஆசைக்குப் போதாது.

பட்டர்வொர்த் லேத்:
என்னைக் கேட்டால் பி18சி பிளாக். போர் 81, அதனால் சுவர் தடிமன் திரும்பக் கிடைக்கும். ஸ்ட்ரோக் 87.2, இழுவையும் பெரிதாக விட்டுப் போகாது. கர்டில், ஆயில் ஜெட் இரண்டும் உண்டு. 8,000-இல் 23 மீட்டர் சொச்சம். இன்டெக்ரா டைப் ஆர் தன் 200 குதிரையைக் கொடுப்பதும் அந்த 8,000-இல்தான். லிமிட்டை 8,200-க்கு மேல் வைக்காதீர்கள்.

கிள்ளான் ஈஜி:
சரி அண்ணே, பி18சி தேடுகிறேன். என் ஹெட் அதில் நேராக உட்காருமா?

பட்டர்வொர்த் லேத்:
உட்காரும். ஆனால் ஒன்று கவனியுங்கள். பி20 பிளாக்கில் விடெக்குக்கு ஆயில் வழி கிடையாது. அதனால் ஹெட்டின் அடியில் உள்ள ஆயில் ஓட்டையை ஸ்க்ரூ போட்டு அடைத்து, வெளியிலிருந்து குழாய் கொடுத்திருப்பார்கள். பி18சி-யில் பிளாக்கிலேயே வழி உண்டு. ஹெட்டை வைக்கும் முன் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, வெளிக்குழாய் வந்த வாயை அடையுங்கள். துளையிட்ட அலுமினியத் தூள் உள்ளே தங்கியிருக்கும், காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஸ்க்ரூ உள்ளேயே இருந்துவிட்டால் கேமுக்கு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஆயில் போகாது, ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் கேமைத் தின்றுவிடும்.