புதுப்பிப்பு: தம்பி இன்னைக்கு வேலைக்குப் போயிட்டான்

போன வாரம் தாராவியிலிருந்து எழுதியிருந்தேன்: தம்பிக்குக் கொரோனா, 7 நாள் முடிஞ்சும் "நெகட்டிவ் ரிப்போர்ட் இல்லாம மிஷின்ல உட்காராதே"ன்னு தையல் பட்டறையில சொல்லிட்டாங்கன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மத்திய சுகாதார அமைச்சகத்தோட 2022 ஜனவரி 5 வழிகாட்டுதலை முதலாளிகிட்ட மொபைல்ல காட்டினேன். லேசான தொற்றுன்னா, பாசிட்டிவ் வந்து குறைஞ்சது 7 நாள் ஆகி, தொடர்ந்து 3 நாள் காய்ச்சல் இல்லைன்னா தனிமை முடிஞ்சது, மறு டெஸ்ட் தேவையில்லைன்னு அதுல இருந்துச்சு. அவர் அரைமனசாத்தான் கேட்டார். மூக்குல சளி எடுத்துப் பண்ற ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் செத்த வைரஸோட துணுக்கையும் பிடிக்கும், குணமான பிறகும் வாரக்கணக்கில பாசிட்டிவ் காட்டலாம்னு எங்க டாக்டர் போன்ல விளக்கினார்.

ஆனா முதலாளி மனசு மாறினது அம்மாவோட பால் கணக்கு நோட்டைப் பார்த்துத்தான். எங்க பத்துக்குப் பத்து வீட்ல அஞ்சு பேர், தனி அறைக்கு எங்க போறது? தம்பி மாநகராட்சியோட தனிமை முகாம்ல இருந்தான். தினமும் சாயங்காலம் அவன் போன்ல சொன்ன டெம்பரேச்சரை அம்மா கடைசிப் பக்கத்துல எழுதி வெச்சிருந்தாங்க: 98.4, 98.2, 98.4.

அந்த 7 நாள் கூலிதான் இன்னும் வரலை. ஞாயித்துக்கிழமை அப்பாவும் நானும் போய்ப் பேசப் போறோம்.