ஏழு வயதில் ஐஸ் ஹாக்கி: எங்கே தொடங்குவது?

வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது. இரண்டு மாதமாக ஐஸ் ஹாக்கி ஆடியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். (ஸ்கேட் போட்டால் இரண்டு காலிலும் நிற்க வரவில்லை, அது வேறு விஷயம்.)

முதலில் ஸ்கேட்டிங் மட்டும் கற்றுக்கொண்டு அப்புறம் ஹாக்கி வகுப்பில் சேர்க்கலாமா, அல்லது இரண்டையும் ஒன்றாகவே தொடங்கலாமா? விழுந்து எழப் பழகிய பிறகுதான் மட்டையைக் கையில் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாமான்கள்தான் தலையைச் சுற்ற வைக்கின்றன. முகக்கம்பி வைத்த ஹெல்மெட், கழுத்து, தோள், முழங்கை, முழங்கால் காப்புகள், கையுறை, இடுப்புக்குக் கால்சட்டை... வாங்கிய வேகத்தில் சிறிதாகிவிடும். அதனால் பெரும்பாலும் பழையதாகவே வாங்கப் பார்க்கிறேன். ஹெல்மெட் மட்டும் புதிது. ஏற்கெனவே அடிபட்டதா என்பது வெளியே தெரியாதே.

ஸ்கேட்டை மட்டும் 'வளருகிற பிள்ளை' என்று பெரிதாக வாங்கினால் கணுக்காலுக்குப் பிடிமானம் இருக்காதாம். வழக்கமான ஷூவைவிட ஓர் அளவு, ஒன்றரை அளவு சிறியதாகத்தான் பொருந்தும் என்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தானா? ஸ்கேட்டோடு நிற்கும்போது மட்டை மோவாய் வரை இருந்தால் போதுமா?

விடிகாலைப் பயிற்சிக்குப் பிள்ளையை எழுப்பும் வித்தை தெரிந்தவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.